ஜேர்மானிய பியர்த் தூய்மைச் சட்டம்: விலையும் வரியும் தூய்மையும்

1516ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 23ஆம் திகதி, பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரிற் கூடிய வகுப்பினர் சபையிலே, கோமகன் நான்காம் வில்ஹெல்மும் அவருடன் இணைந்து ஆட்சி புரிந்த தம்பி பத்தாம் லுட்விக்கும் நாட்டு ஒழுங்குச் சட்டத்தொகுதி ஒன்றினை வெளியிட்டனர். அத்தொகுதியில் பியர் பற்றிய சிறு பகுதி ஒன்று இடம்பெற்றிருந்தது. அதிலுள்ள ஒரேயொரு வாக்கியம், பியருக்கு வாற்கோதுமை எனப்படும் பார்லி, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதனையும் பயன்படுத்தலாகாது என விதித்தது. அந்த ஒரு வாக்கியமே இன்று உலகெங்கும் 'ஜேர்மானிய பியர்த் தூய்மைச் சட்டம்' என அறியப்படுகின்றது. உலகின் மிகப் பழைய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதுவே எனவும், பாவனையாளர் நலன் கருதி இயற்றப்பட்ட முதற் சட்டம் அதுவே எனவும் விளம்பரங்களிலும் வெகுசன நூல்களிலும் கூறப்படுவதுண்டு. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மூலத்தையே நோக்குதல் வேண்டும். பியர் பற்றிய அப்பகுதியின் பெரும்பங்கு மூலப்பொருள்களைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது. புனித மிக்கேல் திருநாள் (செப்டெம்பர் 29) முதல் புனித ஜோர்ஜ் திருநாள் (ஏப்பிரில் 23) வரை ஒரு 'மாஸ்' அல்லது ஒரு 'கொப்' பியர் மியூனிச் நாணயத்தில் ஒரு பெனிக்குக்கு மேல் விற்கப்படலாகாது. ஏனைய மாதங்களில் ஒரு மாஸ் இரண்டு பெனிக்குக்கும், ஒரு கொப் மூன்று ஹெல்லருக்கும் மேற்படலாகாது. மாஸ் என்பது ஒரு லீற்றரைச் சற்று விஞ்சிய அளவு. கொப் என்பது அதனிலும் சிறிது குறைந்த கிண்ண அளவு. இரண்டு ஹெல்லர் சேர்ந்தது ஒரு பெனிக். பியரை வாங்கிச் சில்லறையாக விற்கும் தவறணைக்காரர் விதிக்கப்பட்ட விலைக்கு மேல் ஒரு ஹெல்லர் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். இவற்றுக்கிடையிலேயே மூலப்பொருள் பற்றிய வாக்கியம் வருகின்றது. விதியை அறிந்தே மீறுவோரின் பீப்பாயை நீதியதிகாரிகள் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது தண்டனை. தானியத்துக்குத் தட்டுப்பாடோ விலையேற்றமோ நேரிடின் பொதுநன்மை கருதி மேலும் கட்டுப்பாடுகளை விதிக்கும் அதிகாரத்தைக் கோமக்கள் தமக்கென வைத்துக்கொண்டனர்.

'தூய்மை' என்ற சொல் இவ்வாசகத்தில் எவ்விடத்தும் இல்லை. இதை வலியுறுத்திக் கூறவேண்டியுள்ளது. 'ரைன்ஹைற்ஸ்கெபோட்' என்னும் ஜேர்மானியத் தொடர், அதாவது 'தூய்மைக் கட்டளை' என்பது, ஆவணச் சான்றுகளின்படி முதன்முதலாக 1918ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி பவேரியச் சட்டசபையில் ஹான்ஸ் ராவுக் என்ற உறுப்பினரின் உரையிலேயே காணப்படுகின்றது. சட்டத்துக்கும் அதன் பெயருக்கும் இடையில் நானூறு ஆண்டுகள்! பைபிளின் பத்துக் கட்டளைகளைக் குறிக்கவும் ஜேர்மானியர் 'கெபோட்' என்ற இதே சொல்லையே ஆள்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. வரிவிதியொன்று வேதவாக்காகிய வரலாற்றின் ஒரு பகுதி அப்பெயரிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

1516ஆம் ஆண்டுச் சட்டம் முதலாவதும் அன்று. 1156இல் பேரரசன் பிரடெரிக் பார்பரோசா ஔக்ஸ்பேர்க் நகருக்கு வழங்கிய உரிமைச் சாசனம் கெட்ட பியரை விற்போருக்குத் தண்டம் விதித்தது. துரிங்கியாவிலுள்ள வைசென்சே என்ற சிறு நகரின் 1434ஆம் ஆண்டுத் தவறணைச் சட்டம் மோல்ட், ஹொப்ஸ், நீர் என்பவற்றையே அனுமதித்தது. (நாம் வழங்கும் 'தவறணை' என்ற சொல்லும் அச்சட்டத்தின் தலைப்பிலுள்ள 'தபெர்னா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்ததே, போர்த்துக்கேயர் வாயிலாக எம்மை வந்தடைந்தது.) 1487இல் கோமகன் நான்காம் அல்பிரெக்ட் மியூனிச் நகரில் பியர் காய்ச்சுவோரைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். 1493இல் லான்ட்ஷூட்டை ஆண்ட கோமகன் ஜோர்ஜ் கீழ்ப் பவேரியாவுக்கு அத்தகைய விதியொன்றை வகுத்தார். 1516இன் புதுமை உள்ளடக்கத்தில் இல்லை; அதன் ஆட்சிப் பரப்பிலேயே உள்ளது. நெடுங்காலம் கிளைகளாகப் பிரிந்து கிடந்த பவேரியா, 1504-1505ஆம் ஆண்டுகளின் வாரிசுரிமைப் போருக்குப் பின்னரே ஒன்றிணைக்கப்பட்டது. 1506இல் மூத்த மகனுக்கே ஆட்சியுரிமை என்ற விதி வகுக்கப்பட்டது. மேற் பவேரியா, கீழ்ப் பவேரியா ஆகிய இரண்டுக்கும் பொதுவான சட்டத்தொகுதி இந்நிலையில் இன்றியமையாததாயிற்று. எனவே பியர் விதி, சிதறிய நிலமானிய ஆட்சிப் பரப்பொன்று ஒருமைப்பட்ட அரசாக உருப்பெறும் வழியில் எழுந்த விதிகளுள் ஒன்று என்றே கொள்ளத்தக்கது. சட்டத்தை ஏற்ற சபையில் குருமாரும் பிரபுக்களும் நகரத்தாரும் இடம்பெற்றனர். பார்லியை விளைவித்த குடியானவருக்கு அங்கு இடமில்லை.

இனித் தானியத்தின் கதைக்கு வருவோம். கோதுமையும் ரை தானியமும் ரொட்டிக்கு உரியவை. பியருக்காக அவை செலவிடப்பட்டால் ரொட்டியின் விலை ஏறும். ஆதலால் ரொட்டிக்கு அத்துணை ஏற்றதல்லாத பார்லி பியருக்கென ஒதுக்கப்பட்டது என ஆய்வாளர் பலர் விளக்குவர். சட்டம் இக்காரணத்தை வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் தானியத் தட்டுப்பாடு பற்றிய அதன் இறுதி வாசகத்தைச் சேர்த்துப் பார்க்கையில் இவ்விளக்கம் பொருத்தமானதாகவே தோன்றுகின்றது. அக்காலத்துப் பஞ்சங்களையும், ரொட்டி விலையேற்றம் நகரங்களிற் கிளப்பிய கலகங்களையும் அறிந்த ஆட்சியாளர் எவரும் இதனைப் புறக்கணித்திருக்க முடியாது.

ஆயின் அடுத்து நடந்ததென்ன? முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1548இல், இதே நான்காம் வில்ஹெல்ம் பவேரியக் காட்டுப் பகுதியின் டெகென்பேர்க் என்ற பிரபு குடும்பத்துக்குக் கோதுமை பியர் காய்ச்சும் தனியுரிமையை வழங்கினார். 1602இல் அக்குடும்பம் வாரிசின்றி மறைந்தது. உரிமை கோமகன் முதலாம் மக்சிமிலியனிடம் மீண்டது. அவர் அதனை வேறெவருக்கும் கொடாது அரண்மனையின் ஏகபோகமாக்கினார். மியூனிச் நகரில் கோதுமை பியருக்கெனத் தனி அரச உற்பத்திச்சாலை 1607இல் எழுந்தது. கெல்ஹைம் நகரிலும் அதே காலத்தில் ஒன்று எழுந்தது. கோதுமை பியரால் வந்த வருமானம் முப்பதாண்டுப் போர்க்காலத்துப் பவேரிய அரசின் பெரும் நிதி ஊற்றுகளுள் ஒன்றாக விளங்கியது. சாதாரண காய்ச்சுவோன் கோதுமையைத் தொட்டால் பீப்பாய் பறிபோகும். கோமகன் தொட்டால் திறைசேரி நிறையும். ரொட்டிக்கான தானியத்தைக் காக்கவே கோதுமை விலக்கப்பட்டது என்ற நியாயம் ஆள்வோரின் தேவைக்கு முன் எவ்வளவு எளிதாக வளைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்தனியுரிமை 1798இல் முடிவுற்றது.

மூலப்பொருட் கட்டுப்பாடும் கூறப்படுமளவு இறுக்கமானதாக இருக்கவில்லை. 1551ஆம் ஆண்டின் கோமகன் ஆணையொன்று கொத்தமல்லியையும் 'லோரல்' இலையையும் அனுமதித்தது. 1616இன் சட்டத்தொகுதி உப்பு, ஜூனிப்பர் காய், கருஞ்சீரகத்தை ஒத்த 'கரவே' விதை என்பவற்றுக்கும் இடமளித்தது. மறுபுறம், மயக்கமூட்டும் நச்சுப் பூண்டுகள் விலக்கப்பட்டன. இது மக்களின் உடல்நலத்துக்கு உண்மையாகவே உதவிய ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஹொப்ஸ் சேர்ப்பதால் பியர் நெடுநாள் கெடாதிருக்கும், தூரவிடங்களுக்கு அனுப்பலாம். வட ஜேர்மானியத் துறைமுகங்கள் இவ்வழியிற் பெரும் வணிகம் நடத்தின. 'குறூட்' எனப்பட்ட மூலிகைக் கலவையின் மீது கீழ்நாடுகளிலும் ரைன் ஆற்றுப் புறங்களிலும் ஆயர்களும் பிரபுக்களும் கொண்டிருந்த ஏகபோகத்தை ஹொப்ஸ் தகர்த்தது என்பது மெய்யே. ஆயினும் அந்நிலைமையை அப்படியே பவேரியாவுக்கும் பொருத்தி, 1516இன் சட்டம் திருச்சபையின் வருமானத்தை ஒழிக்க எழுந்தது எனச் சிலர் எழுதுவது வலிந்து பொருள்கோடலாகும்.

மதுவம் பற்றிச் சட்டம் எதுவும் கூறவில்லை. அன்று மதுவம் அறியப்படவில்லை என்பர். இது பாதி உண்மையே. ஒரு முறை காய்ச்சியதன் அடிமண்டியை அடுத்த முறைக்கு இடும் வழக்கம் காய்ச்சுவோருக்கு நன்கு தெரிந்திருந்தது. அது ஓர் உயிர் என்பதும் நொதித்தல் அதன் தொழிற்பாடு என்பதுமே தெரியாதிருந்தன. பியர் பற்றிய லூயி பாஸ்டரின் நூல் 1876இல் வெளிவந்தது. கொப்பன்ஹேகனில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய மதுவ வளர்ப்பை 1883இற் சாதித்தார். சுவையையும் கெடாத்தன்மையையும் மெய்யாகவே உறுதிப்படுத்திய தூய்மை இந்த ஆய்வுகூடங்களிலேயே பிறந்தது; ஆணைப் பத்திரங்களில் அன்று. 1553இல் கோடைகாலக் காய்ச்சலைத் தடைசெய்த பவேரிய விதியும் தரத்துக்கு உதவிய ஒன்றாகும். குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சியதால், தாழ்வெப்பத்தில் அடியில் நொதிக்கும் மதுவ வகை நிலைபெற்றது. பவேரிய பியரின் தனிச்சுவைக்கு 1516ஐ விட இத்தடையே கூடுதலான காரணம் எனலாம். 1870களில் கார்ல் வொன் லிண்டேயின் குளிரூட்டு இயந்திரம் மியூனிச்சில் முதன்முதற் பயன்பட்டதும் பருவத்தின் தளையும் அறுந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் எமது ஆய்வுக்கு முக்கியமான திருப்பம் நிகழ்கின்றது. 1516இன் சட்டத்துக்கு இரு பாதிகள் உண்டெனக் கண்டோம். விலைப் பாதி, பவேரிய அரசு பியர் விலையை நிர்ணயிக்கும் மரபாகத் தொடர்ந்தது. பார்லி, ஹொப்ஸ் ஆகியவற்றின் விலைகளைக் கொண்டு பியரின் விலையைக் கணிக்கும் முறை 1811இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. சாதாரண மக்கள் தமக்குரியதாகக் கருதியது இந்தப் பாதியையே. 1844 மே மாதத் தொடக்கத்தில் மன்னர் முதலாம் லுட்விக்கின் ஆட்சியில் மியூனிச்சில் பியர் விலை சிறிதளவு உயர்த்தப்பட்டது. தொழிலாளரும் கைவினைஞருமாக ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு பியர் உற்பத்திச்சாலைகளைத் தாக்கினர். கலகத்தை அடக்கப் படையினர் தயக்கம் காட்டினர். விலை மீண்டும் இறக்கப்பட்டது. இருபத்துமூன்று வயதினரான பிரெடெரிக் எங்கெல்ஸ், இந்நிகழ்ச்சியைப் பற்றி அதே மாதம் இங்கிலாந்தின் சாசனவாதிகளுடைய 'நோதர்ன் ஸ்டார்' பத்திரிகைக்கு எழுதினார். வரி விடயத்தில் அரசைப் பின்வாங்கச் செய்யலாம் எனக் கண்டுகொண்ட மக்கள், அதனினும் பாரதூரமான விடயங்களிலும் அவ்வாறு செய்யலாம் என விரைவிற் கற்றுக்கொள்வர் என்பது அவருடைய கணிப்பு. நான்கு ஆண்டுகளில் 1848 வந்தது. மன்னர் லுட்விக் முடி துறந்தார். (பியர்க் கலகமே அதற்குக் காரணம் என இதனாற் கொள்ளவேண்டியதில்லை.) 1873 ஏப்பிரிலில் பிராங்க்போர்ட் நகரில் பியர் விலையேற்றத்தை எதிர்த்து நடந்த கலகத்தை இராணுவம் சுட்டு அடக்கியது, இருபது பேர் வரை மாண்டனர்.

பவேரியாவில் அரசின் விலை நிர்ணயம் 1865இற் கைவிடப்பட்டது. தாராளப் பொருளாதாரக் கொள்கை வெற்றி பெற்ற காலம் அது. ஆயின் மூலப்பொருட் பாதி அதே காலத்தில் கைவிடப்படவில்லை; மாறாக மேலும் இறுக்கப்பட்டது. காரணம் வரி. பவேரிய அரசு பியருக்கான வரியை மோல்ட்டின் அளவைக் கொண்டே அறவிட்டது. காய்ச்சுவோர் மோல்ட்டுக்குப் பதிலாகச் சீனி, அரிசி, மாச்சத்து என்பவற்றைப் பயன்படுத்தினால் வரி நழுவிவிடும். ஆகவே 1868இன் மோல்ட் வரிச் சட்டம் போன்றவற்றின் மூலம் பதிலிப் பொருள்களை அரசு முற்றாக விலக்கியது. விலைக்குப் பாதுகாப்பில்லை, வரிக்குப் பாதுகாப்பு உண்டு. குடிப்பவனுக்கு உதவிய பாதி ஒழிந்து, அறவிடுவோனுக்கு உதவிய பாதி எஞ்சியது என்பதே இதன் சாரம்.

இதனால் மூலப்பொருள் விதி மக்களுக்குப் பயனற்றது எனக் கொள்வது தவறாகும். அதே நூற்றாண்டில் சுதந்திர வணிகத்தின் தாயகமான இங்கிலாந்தில் உணவுக் கலப்படம் எத்துணை மலிந்திருந்தது என்பதை 'மூலதனம்' முதலாம் பாகத்தைக் கற்றோர் அறிவர். வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே, தொழிலாளர் உண்ட ரொட்டியிற் படிகாரமும் மணலும் கலந்திருந்தமையை மார்க்ஸ் பாராளுமன்ற விசாரணை அறிக்கைகளைக் கொண்டே எடுத்துக்காட்டுகின்றார். 1860ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டமும் பயன் தரவில்லை என்கிறார். கலப்படத்தையும் வணிகச் சுதந்திரமாகவே கொண்ட அச்சமுதாயத்தோடு ஒப்பிடுமிடத்து, பவேரியத் தொழிலாளியின் குவளை பாதுகாப்பானதாகவே இருந்திருக்கும். நோக்கம் வரியாயினும் விளைவில் ஒரு நன்மை இருந்தது. வரலாற்றில் நோக்கமும் விளைவும் ஒன்றாயிருக்க வேண்டிய நியதியில்லை. ஆனால் விளைவைக் காட்டி நோக்கத்துக்குப் பெருமை சூட்டுவது வரலாறாகாது.

1871இல் ஜேர்மானியப் பேரரசு உருவானபோது பியர் வரியைத் தானே விதிக்கும் உரிமையைப் பவேரியா தக்கவைத்துக்கொண்டது. வடபுலத்துக்கான 1872ஆம் ஆண்டின் பேரரசு வரிச் சட்டம் அரிசி, சீனி, பாகு, மாச்சத்து ஆகிய பதிலிகளை அனுமதித்து அவற்றுக்கும் வரி விதித்தது. தெற்கில் பாடன் 1896இலும் வூர்ட்டெம்பேர்க் 1900இலும் பவேரிய வழியைப் பின்பற்றின. 1906 ஜூன் 3ஆம் திகதியச் சட்டமே அடியில் நொதிக்கும் பியருக்கு வடபுலத்திலும் பார்லி மோல்ட், ஹொப்ஸ், மதுவம், நீர் என்ற வரையறையை விதித்தது. அதுவும் பேரரசின் நிதி நெருக்கடியைத் தீர்க்க எழுந்த வரிச்சீர்திருத்தத்தின் ஓர் உறுப்பாகவே வந்தது. மேலே நொதிக்கும் பியருக்குச் சீனி தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. ஆகவே 'ஜேர்மானிய' தூய்மைச் சட்டம் என்பதன் வயது ஐந்து நூற்றாண்டன்று. ஒரு நூற்றாண்டைச் சற்று விஞ்சியது.

1918இல் அப்பெயர் பிறந்த சூழலையும் கருதவேண்டும். உலகப் போரின் நான்காம் ஆண்டு. தானியம் பங்கீட்டில் வழங்கப்பட்டது. பார்லி கிடைப்பது அரிதாகி, பியர் நீர்த்துப்போயிருந்தது. பியரின் தரம் அடிமட்டத்துக்குச் சென்றிருந்த நாள்களிலேயே அதன் தூய்மை பற்றிய பெருஞ்சொல் சட்டசபையில் ஒலித்தது. பேரரசு வீழ்ந்து குடியரசு அமைந்த பின்னர், 1919இல், பவேரியா தன் வரியுரிமையை இழந்து பொது வரி அமைப்பினுட் புகுந்தது. தனது மூலப்பொருள் விதி நாடெங்கும் பேணப்படவேண்டும் என்பது அதன் நிபந்தனையாயிருந்தது. இழந்த அரச உரிமைக்கு ஈடாக ஒரு பண்பாட்டுச் சின்னம் கிடைத்தது எனலாம். எரிக் ஹொப்ஸ்போம் முதலியோர் 1983இல் வெளியிட்ட நூலில் 'புனைந்தெடுக்கப்பட்ட மரபு' என்றொரு கருத்தை முன்வைத்தனர். பியர் விதியை முழுப் புனைவு எனக் கூறமுடியாது. சட்டம் மெய், அதன் ஆண்டும் மெய். அதற்குப் பின்னர் கொடுக்கப்பட்ட பொருளே புனைவு.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மேற்கு ஜேர்மனியின் 1952ஆம் ஆண்டுப் பியர் வரிச் சட்டம் இவ்விதியை உள்வாங்கியது. கிழக்கு ஜேர்மனியிலோ வேறு மூலப்பொருள்களும் அனுமதிக்கப்பட்டன. மேற்கின் சட்டம், விதிக்கு அமையாத எதனையும் 'பியர்' என்ற பெயரில் விற்கவும் தடைவிதித்தது. இதன் பயனாக அயல்நாட்டு உற்பத்திகள் பெரும்பாலும் எல்லையிலேயே தடுக்கப்பட்டன. பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த 'பிரசரி டு பெஷேர்' என்ற நிறுவனம் 1981இல் ஜேர்மனிக்கான ஏற்றுமதியை நிறுத்த நேர்ந்தது. ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. ஜேர்மானியர் பியரைப் பெருமளவில் அருந்துவதால் சேர்பொருள்கள் அவர்களுடைய உடல்நலத்துக்குக் கேடாகும் என்பது ஜேர்மானிய அரசின் வாதம். அதே சேர்பொருள்களை ஏனைய பானங்களில் ஜேர்மனியே அனுமதித்திருந்தமையை ஐரோப்பியச் சமூகங்களின் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. போத்தலின் ஒட்டுச்சீட்டில் உள்ளடக்கத்தைக் குறித்தாற் போதும் என்றது. உள்நாட்டுத் தொழிலதிபர் பெற்றுவிட்ட வாய்ப்பை நிலைநிறுத்துவதற்காக மக்களின் பழக்கத்தைச் சட்டத்தால் உறையவைக்க முடியாது எனவும் கூறி, 1987 மார்ச் 12ஆம் திகதி ஜேர்மனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பை முற்போக்கான வெற்றியாகக் கொண்டாடுவதா? நாம் தயங்கவேண்டியுள்ளது. ஒருபுறம் தேசிய முதலாளிகளின் காப்பரண் தகர்ந்தது. மறுபுறம் அதைத் தகர்த்தது எல்லைகளற்ற சந்தையை வேண்டிய பெருமூலதனத்தின் தேவையே. குடிப்பவனின் நலன் இரு தரப்பு வாதங்களிலும் சாட்சியாகவே அழைக்கப்பட்டது, வழக்காளியாக அன்று. இழப்பீடு கோரிய பிரெஞ்சு நிறுவனத்தின் வழக்கில், சட்டமன்றம் இழைத்த தவறுக்கும் அரசு பொறுப்பாகலாம் என்ற முக்கியமான கோட்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 1996இல் நிறுவியது. ஆயினும் அதே ஆண்டில் ஜேர்மானிய உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது.

இறக்குமதிக்குத் தடை நீங்கியபோதும் உள்நாட்டுக் காய்ச்சுவோருக்கு விதி நீடித்தது. 1993இல் அது 'தற்காலிக பியர்ச் சட்டம்' என்ற பெயரில் மறுபிறப்பெடுத்தது. முன்னாள் கிழக்கு ஜேர்மனியைச் சேர்ந்த நொய்செல்லே மடத்துப் பியர் உற்பத்திச்சாலை, சீனிப்பாகு சேர்த்த தன் கருநிறப் பானத்தைப் பியர் என அழைக்கும் உரிமைக்காக நெடுங்காலம் வழக்காடி 2005இல் வென்றது. பியரைத் தெளியவைக்கும் செயற்கைப் பல்பகுதியம் ஒன்றைப் பயன்படுத்த இவ்விதியே இடமளிக்கின்றது. பின்னர் வடித்து அகற்றப்படுவதால் அது மூலப்பொருளாகக் கொள்ளப்படுவதில்லை. கொத்தமல்லி கூடாது, பல்பகுதியம் ஆகும்!

2016இல் ஐந்நூறாம் ஆண்டு விழா இங்கோல்ஸ்டாட் நகரில் நடைபெற்றபோது அரசுத் தலைவி அங்கெலா மெர்க்கெலும் கலந்துகொண்டார். அதற்கு இரு மாதங்கள் முன்னர் மியூனிச்சிலுள்ள சூழலியல் நிறுவனமொன்று பெயர்பெற்ற பதினான்கு ஜேர்மானிய பியர் வகைகளைச் சோதித்து, பதினான்கிலும் கிளைபோசேட் என்ற களைகொல்லியின் எச்சங்களைக் கண்டதாக அறிவித்திருந்தது. மிகக் கூடிய அளவு லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மைக்குறோ கிராம். உடல்நலத்துக்குத் தீங்கு நேர ஒருவர் நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றர் அருந்தவேண்டியிருக்கும் என அரசின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் பதிலளித்தது. அக்கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆயின் பார்லி வயலில் தெளிக்கப்படுவது பார்லியின் பகுதியா, அன்றா என்பதற்கு மூன்று பொருள்களை மட்டும் எண்ணிய அந்தப் பழைய வாக்கியத்தில் விடை இல்லை.